சர்வரை எங்க வைக்கிறது? ஒரு வெள்ளத்துக்குப் பிறகு யோசிச்சது

இந்த வாரம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "அண்ணே, ரியாக்ட்டா, ஜாங்கோவா? எந்த ஹோஸ்டிங் எடுக்க?" பதில் சொல்றதுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லிடுதேன்.

2023-ல பத்தமடையில பாய் நெய்யுற அக்காமார் குழு ஒண்ணுக்கு ஆர்டர் எடுக்கிற வெப் ஆப் கட்டினேன். பத்தமடைப் பாய் தெரியும்லா? கல்யாணத்துக்குன்னா பொண்ணு மாப்பிள்ளை பேரைக்கூட கோரையிலேயே நெய்து கொடுப்பாங்க. ஒரு எழுத்து தப்பினா பாய் வீண்.

அப்போ புதுசா எதைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுங்கும். முன்னாடி ரியாக்ட், பின்னாடி நோட், டேட்டாவுக்கு மாங்கோடிபி. மூணு மாசம் ஆச்சு. ஹோஸ்டிங்குக்குக் காசு எதுக்குன்னு, வண்ணார்பேட்டையில நான் இருந்த தரைத்தள ரூம்ல ஒரு பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக்கிட்டேன். பேக்கப் இருந்துச்சா? இருந்துச்சு. அதே மேஜை மேல ஒரு ஹார்ட் டிஸ்க்ல.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை. இங்க தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே வந்துட்டு. நான் இடுப்பளவு தண்ணியில வெளிய வந்தப்ப கையில இருந்தது போனும் சர்டிபிகேட் ஃபைலும்தான்.

தை பிறக்க ஒரு மாசம்கூட இல்லை. 41 கல்யாண ஆர்டர், எல்லாம் அட்வான்ஸ் வாங்கினது. குழுத் தலைவி அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "எதுக்கும் இருக்கட்டும்னு நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன் தம்பி"ன்னாங்க. அதுல 34 இருந்துச்சு. மீதி ஏழு பேரை அட்வான்ஸ் வந்த ஜிபே லிஸ்ட்டைப் பார்த்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டோம். ரெண்டு பேருக்குப் பாய் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரலை. அந்த ரெண்டு போன் காலும் நான்தான் பேசினேன்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கு. வெள்ளம் வந்தா முங்கிப்போகும், அது எல்லாருக்கும் தெரியும். அதனால தண்ணி ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிடுவாங்க. பாறையில செதுக்கின மூலவர் அங்கேயே இருப்பார். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன், மண்டையில ஏறலை. சர்வர் முங்கினா வேற சர்வர் எடுத்துக்கலாம். டேட்டா மட்டும் மேட்டுல, வேற இடத்துல இருக்கணும்.

ரெண்டாவது தடவை ஜாங்கோ எடுத்தேன். அது அமெரிக்காவில கான்சாஸ்ல ஒரு உள்ளூர் பத்திரிகை ஆபீஸ்ல 2003-ல பிறந்து, 2005-ல வெளிய வந்தது. செய்திக்கு டெட்லைன் இருக்கும்லா, அதான் அட்மின் பக்கத்தை அதுவே போட்டுத் தந்திடும். ஆர்டர் லிஸ்ட்டை அக்கா இப்ப தானே திறந்து பார்க்காங்க, என்னைக் கூப்பிடுறதில்லை. பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல். பழைய போன்லயும் சட்டுனு திறக்குது. பாயோட டிசைனை ஸ்கிரீன்லயே இழுத்து வச்சு மாத்திப் பார்க்கணும்னா ரியாக்ட்டைத்தான் எடுப்பேன், அதுல சந்தேகமே இல்லை. நமக்கு வேண்டியது ஒரு ஃபார்ம்.

டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். மொத்தமும் ஒரே ஃபைல். நாளைக்கு நாலு ஆர்டருக்கு அது தாராளம். ஆனா ஆப் ஓடிட்டிருக்கும்போது ஃபைலைச் சும்மா காப்பி பண்ணாதீங்க, பாதி எழுதினபடி மாட்டிக்கும். அதுலயே பேக்கப் கமாண்ட் இருக்கு, அதைப் போடுங்க.

ஹோஸ்டிங், பெங்களூருல ஒரு சின்ன விபிஎஸ். அமெரிக்கா சர்வர்னா ஒவ்வொரு கிளிக்குக்கும் போயிட்டு வர 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். நம்ம ஆளுங்க இங்கதானே இருக்காங்க. ராத்திரி பேக்கப், வேற கம்பெனியில, வேற ஊர்ல. ஒரே கம்பெனியில ரெண்டும் வச்சா, அக்கவுண்ட் லாக் ஆச்சுன்னா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

"தென்காசியில ஜோஹோ இருக்காங்க, அவங்க சொந்த டேட்டா சென்டர்தானே வச்சிருக்காங்க?"ன்னு ஒரு தம்பி கேட்டான். ஆமா. ஆனா அதைப் பார்த்துக்க அவங்ககிட்ட ராத்திரி பகலா ஆள் இருக்கு. என் ரூம்ல நான் மட்டும்தான், நானும் தூங்கிட்டேன்.

இப்ப மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பேக்கப்பை லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கேன். முதல் தடவை ஆர்டர் எல்லாம் வந்துச்சு, டிசைன் படம் ஒண்ணுகூட வரலை. படங்கள் வேற ஃபோல்டர்ல கிடந்திருக்கு, ஸ்கிரிப்ட்ல அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தாச்சு. அக்கா இன்னும் நோட்டுல எழுதிட்டுத்தான் இருக்காங்க. நான் வேண்டாம்னு சொல்லலை.

அடுத்த எபிசோட்ல பேமென்ட் கேட்வே பத்திப் பேசுவோம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க மக்களே.