ஓரறிவுயிர்க்காக எழுந்த குரல்



மரம் ஓரறிவுயிர் என்பதைச் சமண இல்லத்துக் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே அறியும். கதிரவன் மறையுமுன் உண்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், கிழங்கைத் தவிர்ப்பதும் அவ்வறிவின் பயனே. ஆயினும் அவ்வறம் வாயிற்படியோடு நின்றுவிடலாமா? மலைமேல் ஒரு காடு நீரில் மூழ்கப்போகிறது என்னும்போது இல்லறத்தான் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குக் கேரளத்து ஆசிரியர்களும் கவிஞர்களும் விடை கண்டனர்.

பாலக்காடு மாவட்டத்தில், நம் நீலகிரியின் முக்குருத்தித் தேசியப் பூங்காவை அடுத்துள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு. சிள்வண்டின் ஓசை கேளாமையால் இப்பெயர் வந்தது என்பர். பழம்பெயர் சைரந்திரி வனம்; அங்கு ஓடும் ஆறு குந்தி. பாண்டவர் கதை அரிவம்ச புராணத்தின் வழியே சமணர்க்கும் உரியதன்றோ!

அக்காட்டில் வாழ்வது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாய் வாழ்வதில்லை. கரிய உடலும் முகத்தைச் சூழ்ந்த வெண்சாம்பல் பிடரியும் உடையது. தரையில் இறங்குதல் அரிது. கிளையோடு கிளை பின்னிய மரமுகடே அதன் வழி. இடையில் மரங்கள் வீழ்ந்தால் ஒரு கூட்டம் மற்றொன்றைக் காணாது தனித்து அழியும். ஓரறிவுயிரின் அழிவு ஐயறிவுயிரை எங்ஙனம் தொடர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குந்தியாற்றின் குறுக்கே அணை கட்டி முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. மூழ்கவிருந்த காடு 8.3 சதுர கிலோமீட்டர். திட்டத்தை வேண்டியோரைத் தீயோர் எனல் தகாது. மலபார்ப் பகுதி மின்சாரத்துக்கும் தொழிலுக்கும் ஏங்கிய காலம் அது. ஏழையின் இருளும் துன்பமே.

இதனை உணர்ந்தே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினர் போராடினர். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் முதலியோர் காட்டின் அருமையை மட்டும் பேசி அமையவில்லை. உயிரியல், பொறியியல், பொருளியல் வல்லார் ஒருங்கமர்ந்து, மின்தேவையை வேறு வழியில் நிறைக்கலாகும் என ஆராய்ந்து நூலாக்கினர். எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் எடைபோடும் இம்முறையை அநேகாந்தம் என்று சொல்லத் தடையில்லை. கவிஞர் சுகதகுமாரி மரங்களுக்காகப் பாடினார்; பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் குரல் கொடுத்தார்.

வெற்றி எளிதில் வரவில்லை. மாநிலத்தின் பெருங்கட்சிகள் திட்டத்தின் பக்கம் நின்றன. உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1980 தொடக்கத்தில் தள்ளுபடியாயிற்று. வேறு இயக்கமாயின் அன்றே கலைந்திருக்கும். இவர்களோ ஊர்தோறும் சென்று மீண்டும் பேசினர். ஒருவர்மீதும் கல் விழவில்லை. பின்னர் அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் காலத்தில் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. மறு ஆண்டில் ராஜீவ் காந்தி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நாம் பொன்னுக்கும் நிலத்துக்கும் வரையறுக்கிறோம். மின்சாரத்துக்கும் அவ்வரையறை உண்டா என்பதே அப்போராட்டம் கேட்ட கேள்வி.

கேள்வி அத்துடன் ஓயவுமில்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியே, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு என்னுமிடத்தில் மற்றோர் அணைத்திட்டம் எழுந்தது. பழைய போராளிகள் நரைத்த தலையோடு மீண்டும் வந்தனர். 2007இல் பூங்காவைச் சூழ்ந்த 148 சதுர கிலோமீட்டர் காடு காப்புவளையமாக்கப்பட்டது. குந்தி இன்றும் அணையின்றித் தூதப்புழையைச் சேர்ந்து, பாரதப்புழையில் கலக்கிறது.