சீட்டும் சம்பளச் சீட்டும்

 

தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ நாவலை முன்வைத்துப் பேச அழைத்தார்கள். அதன் களம் ஜெர்மனி, நான் இருப்பதும் ஜெர்மனி. 1865இல் வீஸ்பாடன் சூதாட்ட விடுதியில் கையிலிருந்ததை இழந்தவர் அவர். மறு ஆண்டு, பதிப்பாளர் வைத்த கெடுவுக்குப் பயந்து, அன்னாவிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து 26 நாளில் முடித்த நாவல் அது. அதில் சூது ஒரு காய்ச்சல். நான் பக்கத்தில் இருந்து பார்த்த சூதாட்டத்தில் காய்ச்சல் இல்லை, ஒரு எக்செல் அட்டவணைதான் இருந்தது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஈழத்துக் குடும்பத்தின் பிள்ளை அவன். இங்கேயே பிறந்தவன், கணிதம் படிப்பவன். இரண்டு வருடமாக இணையத்தில் போக்கர் ஆடித்தான் வாழ்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஒருநாள் இரவுப் பணி முடிந்து நான் படுக்கப்போகும் நேரத்தில் வந்தான். கையில் மருத்துவக் காப்பீட்டுப் படிவம். மாணவர்களுக்கான குறைந்த சந்தா இங்கே 30 வயதோடு முடிந்துவிடும். பிறகு வருமானத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். வருமானத்தைக் காட்டாவிட்டால் உச்சபட்ச சந்தாவைப் போட்டுவிடுவார்கள்.

“மாத வருமானம் எவ்வளவு எண்டு கேட்டிருக்கினம் அன்ரி. என்ன எழுதுறது?”

“வாறதை எழுது மக்கா.”

“மாசத்துக்கு மாசம் மாறும். ஆனா நான் உழைக்கிறன் அன்ரி.”

யாழ்ப்பாணத்தாருக்கு உழைப்பது என்றால் சம்பாதிப்பது. நாகர்கோவில்காரியான எனக்கு உடம்பு நோக வேலை செய்வது. அந்த ஒரு சொல்லில் இருவரும் வேறு வேறு இடத்தில் நின்றோம்.

அட்டவணையைத் திறந்தான். ஜனவரியில் 4,200 யூரோ லாபம். பிப்ரவரியில் 1,900 நட்டம். மார்ச்சில் 600 லாபம். ஏப்ரலில் 2,300 நட்டம். மே மாதம் 5,100 லாபம். ஜூனில் 700 நட்டம். கூட்டிக் கழித்தால் ஆறு மாதத்துக்கு 5,000. மாதத்துக்கு 833. மே மாதம் அவனைப் பார்த்தவர்கள் பெரிய ஆள் என்று நினைத்திருப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

“கணக்கில் பணம் இருக்கிறதே?” என்றேன். “அது சேமிப்பு இல்லை அன்ரி. கடைக்காரனுக்குச் சரக்கு மாதிரி” என்றான். அன்றுதான் இந்தத் தொழிலின் கணக்கு எனக்குப் புரிந்தது. நட்டமான மாதத்திலும் வாடகை உண்டு. அதை அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். கையிருப்பு குறைந்தால் சிறிய பந்தயத்தில்தான் ஆட முடியும். சிறிய பந்தயத்தில் வரவும் சிறிது. ஆனால் வாடகை சிறிதாவதில்லை. ஜெர்மனியில் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து மாதம் 1,000 யூரோதான் பொதுவான உச்சவரம்பு. அதனால் கரைந்த சரக்கைச் சட்டென்று நிரப்பவும் முடியாது.

ஆடுபவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் ஜெயிக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் எல்லோரிடமும் ஒரு பங்கு எடுக்கிறார். 2021 ஜூலை முதல் இணையப் போக்கர் பந்தயத்துக்கு 5.3 சதவீத வரியும் உண்டு. எதிரே இருப்பவனைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது, இந்தப் பிடித்தங்களையும் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

அவன் ஒரு தீர்ப்பைக் காட்டினான். எப்போதாவது சூதாட்டத்தில் ஜெயித்தால் இங்கே வருமான வரி இல்லை. ஆனால் தொழில்போல ஆடினால் உண்டு. எடி ஷார்ஃப் என்ற விமானியின் போட்டி வெற்றிகள் பற்றி 2012இல் கொலோன் நீதிமன்றமும், 2015இல் மியூனிக்கில் உள்ள மத்திய நிதி நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லின. 2023இல் இணைய ஆட்டத்துக்கும் அதையே சொன்னது மத்திய நீதிமன்றம். அந்த வழக்குக்காரரும் ஒரு கணித மாணவர்தான். 2009இல் ஏறக்குறைய 673 மணி நேரம் ஆடி 80,000 யூரோவுக்கு மேல் சம்பாதித்தவர். “பாருங்கோ, மணிக்கு நூறு யூரோவுக்கு மேல!” என்றான்.

நம் ஊரில் வழக்கு வேறு மாதிரி. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று வாதாடினார்கள். திறமைதான் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025இல் வந்த மத்தியச் சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டமே கூடாது என்றது. ஜெர்மன் நீதிமன்றம் கேட்டது, ‘நீ இதை ஒரு வியாபாரிபோலச் செய்கிறாயா’ என்று. ஆம் என்றால் வரி கட்டு.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: “மக்கா, தோத்தவனைத் தேடி வரி ஆபீஸ் வராது. அவன் பேரில் தீர்ப்பும் இருக்காது. நீ பார்க்கிறது ஜெயிச்சவன் கணக்கை மட்டும்.” 2011இல் லாஸ் வேகாஸில் ஜெர்மன் இளைஞர் பியூஸ் ஹைன்ஸ் 87 லட்சம் டாலர் ஜெயித்தார். அவருக்கு வயது 22. அதே போட்டிக்கு ஆளுக்கு 10,000 டாலர் கட்டியவர்கள் 6,865 பேர். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் ஏதாவது பணம் திரும்பக் கிடைத்தது. மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஷார்ஃப் சம்பளம் வாங்கும் விமானியாக இருந்துகொண்டு ஆடியவர் என்பதையும் அவன் யோசித்திருக்கவில்லை.

என் சம்பளச் சீட்டை எடுத்து அவன் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாதாமாதம் அந்தப் பிடித்தங்களைப் பார்த்து முணுமுணுப்பவள் நான். ஓய்வூதியத்துக்கு 18.6 சதவீதம், அதில் பாதி மருத்துவமனை கட்டுகிறது. நான் நோயில் விழுந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மேசை இல்லை. காப்பீடு முழுவதும் அவன் தலையில். வருமானம் குறைந்தாலும் குறைந்தபட்ச சந்தா உண்டு, அதுவே மாதம் 200 யூரோவுக்கு மேல். 833இல் அது போனால் வாடகைக்கு என்ன மிஞ்சும்?

அவன் படிவத்தில் 833 என்று எழுதினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மாட்ட சொல்லாதேங்கோ அன்ரி” என்றான். அவன் அம்மா முப்பது வருடமாக அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்குபவர்.

நான் சொல்லவில்லை. போன மாதம் அவனே சொல்லிவிட்டான். அதன் பிறகுதான் இங்கே பேச அனுமதி தந்தான். இன்னும் ஆடுகிறான். வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கவும் போகிறான். வாடகை இப்போது அந்தப் பணத்தில்தான் கட்டுகிறான். சரக்கில் கை வைப்பதில்லை.