ரூர் நிலக்கரியிலிருந்து ரஷ்ய எரிவாயு வரை



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் இந்த ஆண்டே மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்படுவீர்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் படித்தார்கள். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே எண்ணிக்கையில் முதலிடம். இங்கேயே வேலைக்குச் சேரப்போகிறவர்களையும் ஐரோப்பா தேடி வரும். எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே வகை சார்ஜர் பொருந்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோன் அதற்கேற்ப மாறியிருந்தது. 2026 ஜனவரி முதல், ஐரோப்பாவுக்கு எஃகும் அலுமினியமும் அனுப்பும் ஆலைகள் உற்பத்தியின்போது வெளியான கரியமில வாயுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த விதிகளை எழுதும் அமைப்பு எப்படிப் பிறந்தது, எதில் வென்றது, எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொண்டு நீங்கள் வேலைக்குப் போவது நல்லது. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பிரான்சும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1870இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்த ஒரு பெண் 75 வயது வரை வாழ்ந்திருந்தால், தெருவை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். பிரெஞ்சுக்காரியாகப் பிறந்தவள் 1871இல் ஜெர்மானியப் பேரரசின் குடியாகி, 1918இல் பிரான்சுக்குத் திரும்பி, 1940இல் ஹிட்லரின் ஆட்சிக்குள் போய், போர் முடியும் வேளையில் மறுபடியும் பிரெஞ்சுக்காரியாகியிருப்பாள். அந்த மண்ணுக்காக இவ்வளவு சண்டை ஏன்? மொழியும் மானமும் காரணங்கள்தாம். அவற்றோடு லொரேனின் இரும்புத் தாதும் சார், ரூர் பள்ளத்தாக்குகளின் நிலக்கரியும் இருந்தன. இரண்டும் ஒருவர் கைக்கு வந்தால் எஃகு கிடைக்கும். எஃகிலிருந்து பீரங்கி. 1916இல் வெர்தன் என்ற ஒரே போர்க்களத்தில், பத்து மாதங்களில், இரு தரப்பிலுமாக மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். போர் முடிந்த பிறகும் நிலக்கரிச் சண்டை ஓயவில்லை. போர் இழப்பீட்டுப் பாக்கியைக் காட்டி 1923இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்துத் தள்ள, அந்நாட்டுப் பணம் காகிதமாகிப் போனது. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு அழிந்தது. அந்தக் கசப்பு ஹிட்லரின் கட்சிக்கு உரமானது என்பது உங்களுக்குத் தெரியும்.

1950 மே 9 அன்று, பாரிஸில், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷுமான் ஒரு சிறிய அறிக்கையை வாசித்தார். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் தங்கள் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ் வைக்க வேண்டும், மற்ற நாடுகளும் சேரலாம் என்றது அந்த அறிக்கை. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த ஷுமான் யார் என்று சற்று நின்று பார்க்க வேண்டும். லக்ஸம்பர்க்கில் பிறந்தவர், தந்தை லொரேன்காரர். 1871 இணைப்பினால் குடும்பம் ஜெர்மன் குடியுரிமைக்குள் வந்துவிட, பிறப்பால் ஜெர்மானியர். 1919க்குப் பிறகுதான் பிரெஞ்சுக் குடிமகன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அவரைக் கைதுசெய்தது, தப்பியோடினார். எதிர்த்தரப்பில் மேற்கு ஜெர்மனியின் கொன்ராட் அடனாவர், நாஜிகள் கொலோன் மேயர் பதவியிலிருந்து துரத்தியவர். இத்தாலியப் பிரதமர் அல்சீதே தெ காஸ்பெரி ஆஸ்திரியப் பேரரசின் குடியாகப் பிறந்து, வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, பிறகு முசோலினியின் சிறையில் கிடந்தவர். மூவரும் எல்லையோரத்து மனிதர்கள் அல்லது எல்லைக்கோட்டால் காயம்பட்டவர்கள். மூவரும் ஜெர்மன் மொழியில் பேசிக்கொள்ளக் கூடியவர்கள். திட்டத்தை வரைந்த ழான் மோனே, கோன்யாக் நகரத்து பிராந்தி வணிகர் வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். பட்டமளிப்பு விழாவில் இதைச் சொல்வதற்காகப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

மோனே மனிதர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடவில்லை. நட்புறவு ஒப்பந்தங்கள் எத்தனையோ எழுதப்பட்டுக் கிழிக்கப்பட்டதை அவர் பார்த்தவர். ஆகவே 1951இல் பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட நிலக்கரி-எஃகுச் சமூக ஒப்பந்தத்தில், அரசுகளுக்கு மேலே நின்று முடிவெடுக்கும் ஓர் உயர் அதிகாரக் குழு வந்தது. அந்தக் குழுவையே தட்டிக் கேட்க ஒரு நீதிமன்றமும் வந்தது. பெரிய நாடு சிறிய நாட்டின் மீது வழக்குத் தொடரலாம், சிறிய நாடும் பெரிய நாட்டின் மீது தொடரலாம், தீர்ப்பு வந்தால் இருவரும் பணிய வேண்டும். என் பேச்சின் மையம் இந்த இடம்தான். வணிகம் ஐரோப்பாவைச் சமாதானப்படுத்தியது என்று பலர் எழுதுகிறார்கள். 1914க்கு முன்பும் ஜெர்மனியும் பிரான்சும் பிரிட்டனும் தங்களுக்குள் ஏராளமாக வணிகம் செய்துகொண்டுதான் இருந்தன. 1951இல் புதிதாக வந்தது வணிகத்தின் மேலே ஒரு பொதுச் சட்டம். அதற்காக ஒவ்வொரு நாடும் தன் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் அப்போது அதைக் கொடுக்க மறுத்து விலகி நின்றது. பிறகு 1973இல் சேர்ந்தது. 2016 வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேறச் சொல்ல, 2020இல் மறுபடி விலகியது.

இந்தச் சட்டம் சாமானியர் வரை எப்படி இறங்கியது என்பதற்கு ஒரு பெண்ணின் கதை. கப்ரியல் டெஃப்ரென், பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண். அதே வேலை செய்த ஆண்களைவிடக் குறைந்த சம்பளம், அதோடு நாற்பது வயதானதும் பெண்களுக்கு மட்டும் வேலை முடிந்தது என்ற ஒப்பந்தம். நிலக்கரி-எஃகுச் சமூகத்தின் அடுத்த படியாக அதே ஆறு நாடுகள் செய்துகொண்ட 1957 ரோம் ஒப்பந்தத்தில் சம வேலைக்குச் சம ஊதியம் என்று ஒரு பிரிவு இருந்தது. அது பெண்ணுரிமைக்காக எழுதப்பட்டதல்ல. பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்ததால், மற்ற நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து மலிவாக விற்றுவிடுமே என்று பிரெஞ்சு ஆலைக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தால் நுழைந்த பிரிவு. இருபது ஆண்டுகள் எந்த அரசும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1976இல், லக்ஸம்பர்க்கில் அமர்ந்த அந்தப் பொது நீதிமன்றம், அந்தப் பிரிவைக் காட்டி எந்தப் பெண்ணும் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே நியாயம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவியர் டெஃப்ரென் வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும். வயது வரம்பு பற்றிய வாதத்தில் அவர் தோற்றார். ஆனால் சம்பள வாதத்தில் அவர் பெற்ற வெற்றியை இன்று கோடிக்கணக்கான பெண்கள் அனுபவிக்கிறார்கள்.

புகழ்ந்துவிட்டு இறங்கிவிட நான் விரும்பவில்லை. அந்தச் சட்டத்தின் நிழல் யார் மீது விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பா தன் வெற்றி நாளாகக் கொண்டாடும் 1945 மே 8 அன்றுதான் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டது. கலவரம் மூண்டு, அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் கொல்லப்பட்டார்கள். ஷுமான் தன் அறிக்கையை வாசித்த அன்று அவருடைய அரசு வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தது. ரைன் நதிக்கரையில் கண்டடைந்த ஞானத்தை மத்தியதரைக் கடலின் மறுகரைக்குக் கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை. இதை நம் போன்ற குடியேற்ற நாடுகளின் பிள்ளைகள் மறக்கக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியே, யூகோஸ்லாவியா உடைந்தபோது, 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பா பார்த்துக்கொண்டிருந்தது. 2013இல் இத்தாலியின் லம்பெதூசா தீவின் அருகே ஒரே அகதிப் படகில் 360க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கி இறந்தார்கள். 1980களில் இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்களில் பலர் கிழக்கு பெர்லினில் விமானமிறங்கி மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். பெரும் மதிலைக் கட்டி ஆட்களைத் தடுத்த நகரத்தில் அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. இன்றைய அகதிக்கு அந்த அளவு வழியும் குறுகிவிட்டது.

இப்போது எரிவாயுவுக்கு வருகிறேன். 1970 பிப்ரவரியில், அதே ரூர் பகுதியின் எஸ்ஸன் நகரில், மேற்கு ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஜெர்மன் ஆலைகள் பெரிய எஃகுக் குழாய்கள் கொடுக்கும், சோவியத் நாடு எரிவாயு அனுப்பும். வணிகம் செய்யச் செய்ய எதிரி மாறுவான் என்ற நம்பிக்கை. பனிப்போர்க் காலம் முழுக்க வாயு தவறாமல் வந்தது, நம்பிக்கை வேரூன்றியது. 2009 ஜனவரியில் ரஷ்யா, உக்ரைன் தகராறில் கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் வாயு இல்லாமல் தவித்தபோதுகூட பெர்லின் விழித்துக்கொள்ளவில்லை. போலந்தும் பால்டிக் நாடுகளும் எச்சரித்துக்கொண்டே இருந்தன. பால்டிக் கடலுக்கடியில் முதல் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் 2011இல் திறந்தது, இரண்டாவது 2021இல் கட்டி முடிந்தது. அந்த ஆண்டில் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ரஷ்யாவுடையது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன.

நிலக்கரிச் சமூகத்தையும் இந்தக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே முன்னாள் எதிரிகளை ஆற்றலால் பிணைத்த ஏற்பாடுகள். முதலாவதில் உயர் அதிகாரக் குழு இருந்தது, நீதிமன்றம் இருந்தது, கணக்கைத் திறந்து காட்ட வேண்டிய கடமை இருந்தது. இரண்டாவதில் ஒரு வால்வும் ஒரு விலைப்பட்டியலும் மட்டுமே இருந்தன. வால்வு ஒருவர் கையில். தங்கள் சொந்த வரலாற்றின் பாடத்தைப் பாதியாகப் படித்துவிட்டு ஜெர்மானியர்கள் ஐம்பது ஆண்டுகள் நடந்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். விலையை அவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. 2022இல் ரஷ்ய வாயு குறைந்துபோக, ஐரோப்பா கப்பலில் வந்த திரவ எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்கியபோது, பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் அதை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அங்கே மின்வெட்டு.

யூரோ நாணயத்தின் கதையும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். பணம் பொதுவானது, கருவூலம் பொதுவாகவில்லை. 2010க்குப் பிறகு கிரேக்கத்தின் பொருளாதாரம் கால்பங்கு சுருங்கியது, வேலை தேடிய இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையின்றி நின்றார்கள். உங்கள் வயதுக்காரர்கள். கணக்கில் பொய் காட்டிய அரசுகளின் தவறுக்கு அவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். 2020இல், கொள்ளைநோய்க்கு நடுவில், நாலு நாள் இரவு பகலாக வாதாடிய பிறகு 75,000 கோடி யூரோ மீட்சி நிதிக்கு ஒன்றியம் பொதுக் கடன் வாங்கச் சம்மதித்தது. பத்து ஆண்டுகள் முன்பே அதைச் செய்திருந்தால் ஒரு தலைமுறை கிரேக்கர்கள் ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை.

அடுத்து என்ன? 2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ திராகி ஒன்றியத்துக்கு அளித்த அறிக்கை, தொழில்நுட்பத்திலும் ஆற்றலிலும் பாதுகாப்பிலும் பின்தங்காமல் இருக்க ஆண்டுதோறும் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ முதலீடு வேண்டும் என்கிறது. பணத்தைவிடக் கடினமான முடிச்சு வேறொன்று. வெளியுறவிலும் புதிய நாடுகளைச் சேர்ப்பதிலும் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் எல்லாம் நிற்கும். இப்படித்தான் பழைய போலந்து நாடாளுமன்றத்திலும் ஓர் உறுப்பினர் எழுந்து மறுத்தாலே அவை கலைந்துவிடும். அந்த உறுப்பினரை விலைக்கு வாங்குவது அண்டை அரசர்களுக்குச் சுலபமாக இருந்தது. 1772, 1793, 1795 என்று மூன்று முறை பங்குபோட்டு அந்த நாட்டையே வரைபடத்திலிருந்து அழித்தார்கள். 123 ஆண்டுகள் போலந்து என்ற அரசே இல்லை. உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சு 2024 ஜூனில் முறைப்படி தொடங்கியது. ஒவ்வொரு படியிலும் 27 கைகள் உயர வேண்டும். மறுப்பு அதிகாரத்தை விட்டுக்கொடுக்க எந்த அரசு முன்வரும் என்பதைக் கவனியுங்கள். என் பார்வையில் ஐரோப்பாவின் எதிர்காலம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஃபில் கோபுரம் பார்த்த பிறகு ஒரு நாள் லக்ஸம்பர்க்குக்கு ரயிலேறுங்கள். அந்த நாட்டுக்குள் பேருந்துக்கும் டிராமுக்கும் கட்டணம் இல்லை. கிர்ஷ்பெர்க் குன்றின் மேல் ஐரோப்பிய நீதிமன்றம் இருக்கிறது, விசாரணைகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். ஒன்றியத்தின் 24 மொழிகளில் எதிலும் அங்கே வழக்கு நடக்கலாம். மால்டாவோ எஸ்தோனியாவோ ஜெர்மனிக்கு எதிரே நின்று வாதாடும் நாளாகப் பார்த்துப் போங்கள், கேட்டதை எழுதி வையுங்கள், திரும்பி வரும்போது உங்கள் துறைக்கு வந்து இளையவர்களுக்குச் சொல்லுங்கள்.