கூதிர்காலமும் குழந்தைகளின் சித்திரமும்



புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்குந் தறுவாயில், எங்கள் வடபகுதிப் பாடசாலைகளில் ஒரு புதிய மணம் வீசத் தொடங்கும். அது முதல் மழையில் நனைந்த செம்மண்ணின் மணம். பிள்ளைகள் கொப்பிகளைப் பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு வருவார்கள். வகுப்பறை வாயிலில் குடைகள் வரிசையாக விரிந்திருக்கும். பாடம் நடக்கும்போதே அத்தனை கண்களும் யன்னலுக்கு வெளியே போய்விடும். ஆசிரியரும் அதனை உணர்ந்து, "சரி பிள்ளைகளே, இன்றைக்கு மழைகாலத்தைப் படமாக வரையுங்கள்" என்பார்.

வரைந்து முடிந்த படங்களைச் சேர்த்துப் பாருங்கள். முப்பது பிள்ளைகளில் இருபத்தைந்து பேர் ஒரே படத்தை வரைந்திருப்பார்கள். முக்கோணம் போன்ற இரண்டு மலைகள். அவற்றின் நடுவே சிரிக்கின்ற சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு தென்னை. பக்கத்தில் ஓட்டு வீடு. மழைகாலம் என்பதைக் காட்ட மேலே சில கோடுகள்.

நேயர்களே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றை விட்டால், சொல்லத்தக்க ஆறும் இல்லை. அவ்வாறாயின் இந்த மலையும் ஆறும் எங்கிருந்து வந்தன? பிள்ளையின் கண்ணிலிருந்து வரவில்லை. முன்னே இருந்த பிள்ளையின் கொப்பியிலிருந்தும், கரும்பலகையில் நாங்கள் வெண்கட்டியால் வரைந்து காட்டிய மாதிரியிலிருந்தும் வந்தன.

பருவத்தின் பெயரிலும் இதே கதைதான். ஆங்கிலப் பாடப்புத்தகங்களிலே செம்மஞ்சள் இலைகள் உதிர்கின்ற ஒரு பருவத்தைப் பிள்ளைகள் காண்கிறார்கள். அதனை 'இலையுதிர்காலம்' என்று மொழிபெயர்த்துக் கற்பிக்கிறோம். குளிர்நாடுகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அதே மாதங்களுக்குத் தமிழர் பழமையாகவே வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். வாடை வீசிக் குளிர் பரவும் காலம் அது. எங்களுக்கு அது உதிர்வின் காலமன்று. கோடையிற் காய்ந்த வேலியும் வளவும் மழையுண்டு தளிர்க்கின்ற காலம்.

இவற்றையெல்லாம் இன்று எடுத்துச் சொல்லும் நான், ஒரு காலத்தில் இதே பிழையைச் செய்தவன். அதனை மறைக்காமற் சொல்லுதலே முறை.

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் 'நிஷா' என்னும் புயலினால் வடபகுதியிற் பெருமழை பெய்து, குடாநாட்டின் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது நான் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூன்றாந்தர வகுப்பாசிரியன். வெள்ளம் வடிந்து பாடசாலை மீண்டும் திறந்த நாளில், மழைகாலக் காட்சியை வரையும்படி பிள்ளைகளுக்குச் சொன்னேன். வழக்கமான மலைகளும் ஆறுகளும் வந்தன. ஒரு பையன் மட்டும் தாள் முழுவதையும் சாம்பல் நிறத்தாற் பூசியிருந்தான். நடுவிலே கறுப்பாக ஒரு சிறு கோடு; அதன் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. வேறொன்றும் இல்லை.

"மழை எங்கே தம்பி? வீடு எங்கே?" என்று கேட்டேன். அவன் பேசாமல் நின்றான். சோம்பலினால் இப்படிச் செய்திருக்கிறான் என்று எண்ணிய நான், "காட்சி இல்லை, மீண்டும் வரைக" என்று சிவப்பு மையினால் அந்தத் தாளின் மேலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள், வெள்ளத்தினாற் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வழங்கிய கொப்பிகளைப் பெற்றுக்கொள்ள அவனுடைய தாயார் வந்தார். போகும்போது தயங்கி நின்று, "சேர், அது பிழையாக் கீறின படமில்லை. அது எங்கடை கிணறு" என்றார்.

அவர்களுடையது கட்டில்லாத தோட்டக் கிணறு. வெள்ளம் மேவியபோது கிணறு எது, தரை எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே நீராயிற்று. யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று தகப்பனார் கிணற்றின் விளிம்பில் ஒரு தடியை ஊன்றி, அதன் நுனியிற் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டார். நடைபயிலும் தங்கையொருத்தி வீட்டில் இருந்தாள். அவளை அந்தப் பக்கம் போகவிடாமற் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தப் பையனுடையது. வெள்ளம் நின்ற நாள்களெல்லாம் அவன் திண்ணையில் இருந்தபடி அந்தச் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அந்த வகுப்பிலே மழைகாலத்தை உள்ளபடி வரைந்தவன் அவன் ஒருவனே. பிழை என்று எழுதப்பட்டதும் அவனுடைய படம் ஒன்றே. இல்லாத மலைகளுக்கு நான் புள்ளி வழங்கியிருந்தேன்.

அன்று தொடங்கிச் சித்திரப் பாடத்தைப் பற்றி நான் புதிதாகக் கற்கலானேன். ஒஸ்திரிய நாட்டின் வியன்னா நகரிலே பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர் 1897ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். பெரியோரின் படங்களைப் பார்த்து எழுதுவதைத் தவிர்த்து, குழந்தை தான் கண்டதையும் உணர்ந்ததையும் தன் போக்கிலே வரையவிடுதல் அவருடைய முறை. எங்கள் நாட்டிலும் கலைக்கல்விக்கு நல்ல மரபு உண்டு. கல்வித் திணைக்களத்திற் சித்திரக்கலைப் பிரதம பரிசோதகராக விளங்கிய வின்சர் என்பாரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே ஓர் ஓவியக் கழகத்தை நிறுவினார். சித்திரம் என்பது பாடசாலையின் ஓய்வு நேர விளையாட்டன்று என்று கருதிய பெரியோர் இங்கும் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

மேலைநாட்டுப் பாடசாலைகளைப் பாருங்கள். அங்கே பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களிலே சிவப்பு நிறப்பொருள் புதிதாக உண்டாகிறது. ஆசிரியர் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கச் செய்கிறார். அவற்றைப் புத்தகத்தினிடையே அழுத்தி உலர்த்துகிறார்கள், தாளில் ஒட்டுகிறார்கள், தாளின் கீழ் வைத்து மேலே வண்ணந் தேய்த்து நரம்புகளின் அச்சை எடுக்கிறார்கள். பிள்ளையின் காலடியில் கிடப்பதைக் கையில் எடுத்து நோக்கச் செய்தல் என்பதே அம்முறையின் உயிர். நாங்களோ அவர்களுடைய முறையை விட்டுவிட்டு, அவர்களுடைய இலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். இலையை அவர்களிடமே விட்டுவிட்டு முறையைக் கைக்கொள்ளுதலே அறிவுடைமை.

அதிபர் என்ற பொறுப்பை ஏற்றபின், எங்கள் பாடசாலையிற் கூதிர்காலத்திற்கென்று சில வேலைகளை வகுத்துக்கொண்டோம். செலவில்லாத வேலைகள் ஆதலின் இங்கே சொல்லுகிறேன்.

முதலாவது, இலையச்சு. பூவரசு, அரசு, ஆல், நாவல் ஆகியவற்றின் இலைகளைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். நரம்பு புடைத்திருக்கும் பின்புறம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, மெல்லிய தாளால் மூடி, பஸ்டலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தல் வேண்டும். ஒரே மரத்தின் இரண்டு இலைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை ஆசிரியர் சொல்லாமலே பிள்ளை கண்டுகொள்ளும். செந்நிற இலை வேண்டுமா? வாதுமை மரத்தின் அகன்ற இலை விழுமுன் நன்றாகச் சிவக்கும். அதற்காகச் சீமைக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, காய்கறி அச்சு. முற்றிய வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூப்போன்ற வடிவம் வரும். வாழைத்தடலின் வெட்டுமுகமோ வலைபோற் பதியும். அடுக்களையிற் கழிவதெல்லாம் வகுப்பறையிற் கருவியாகும்.

மூன்றாவது, பனங்கொட்டை முகங்கள். பனம்பழக் காலம் முடிந்து, பாத்தி போடுவதற்காகக் கொட்டைகளைச் சேர்க்கும் வேளையில், ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்வோம். உலர்ந்த தும்பைத் தலைமயிராகவும் தாடியாகவும் சீவி, கண்ணும் மூக்கும் எழுதினால் கிழவனும் கிழவியும் வகுப்பறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேலை முடிந்தபின் விரும்பிய பிள்ளை அதனைப் பாடசாலை வளவில் நாட்டலாம்.

நான்காவது வேலையே பிள்ளைகள் மிக விரும்புவது. அதனை மழைச்சுருள் என்கிறோம். அடியும் வாயும் ஒரே அகலமான கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அதில் விழுந்த மழையை மில்லிமீற்றரில் அளப்போம். அளந்ததும் நீரைக் கொட்டிப் போத்தலைக் கழுவித்தான் மீண்டும் வைத்தல் வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்ற பாடமும் அங்கேயே நடந்துவிடும். பின்பு ஒரு நீண்ட தாட்சுருளில் அன்றைய நாளுக்கென ஒரு பட்டை வரைந்து, மழையின் அளவுக்கு ஏற்ற உயரத்தில், அன்று வானம் இருந்த நிறத்தைப் பூசுவோம். தவணை முடிவிலே அந்தச் சுருளை மண்டபச் சுவரில் விரித்தால் ஐப்பசியும் கார்த்திகையும் கண்முன்னே நிற்கும். கணிதமும் சுற்றாடற் பாடமும் சித்திரமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மழைகாலத்து வானம் எப்போதும் நீலம் அன்று. சாம்பல், கருமை, சில மாலைகளில் ஒருவகை மஞ்சள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இக்காலத்து விழாக்களும் பிள்ளையின் கைக்கு வேலை தருவன. வாணி விழாவிற்குக் கோலம் போடும்போது, கடையில் விற்கும் அச்சுத் தகட்டை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளே புள்ளி வைத்துக் கோடிழுக்க விடுகிறோம். விசயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தை தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுதுகிறதல்லவா? அந்த விரல் அதற்கு முன்பே மண்ணிலும் சுவரிலும் எத்தனையோ கோடுகளைக் கிறுக்கிப் பழகியிருக்கும். சித்திரம் எழுத்துக்கு மூத்தது. விளக்கீட்டுக்கு முன்னர் களிமண்ணிற் சிட்டி செய்து உலர்த்துவார்கள். சில கோணலாக இருக்கும், ஆனால் அதைச் செய்த பிள்ளைக்கு அதைவிட அழகிய விளக்கு உலகில் இல்லை. நத்தார் நெருங்கும்போது கிறித்தவப் பிள்ளைகள் ஓலையாலும் வண்ணத் தாளாலும் நட்சத்திரம் செய்வார்கள். ஏனைய பிள்ளைகளும் கூடவிருந்து ஒட்டுவார்கள்.

இவ்வளவும் சரி, பரீட்சை என்னாவது என்று பெற்றோர் கேட்பது என் காதில் விழுகிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நானும் சிறிதாக எண்ணவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் அதன் பொருட்டுச் சித்திர பாடவேளையை எடுத்து வினாத்தாள் செய்விக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நானும் முன்னர் அவ்வாறு செய்ததுண்டு. உற்றுநோக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு வினாத்தாள் மனப்பாடமாகுமேயன்றி அறிவாகாது. அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் அச்சத்தைச் சொல்ல வார்த்தை போதாது. அதனைச் சொல்லிக்கொள்ளக் கிழமையில் ஒரு பாடவேளையும் ஒரு வெள்ளைத் தாளுமே இருக்கின்றன. அதனையும் பறித்துக்கொண்டால் அந்தப் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்?

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள்கள். கரும்பலகையில் மாதிரிப் படம் வரைந்து காட்டாதீர்கள். வீட்டிலே பிள்ளைக்காக நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். படம் விளங்காதபோது, "இது பிழை" என்று சொல்லுமுன், "இது என்ன, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டபின் சற்றுப் பொறுத்திருங்கள்; விடை உடனே வராது. அன்று நான் அரை நிமிடமாவது பொறுத்திருந்தால், தாயார் வந்து சொல்லவேண்டி இருந்திராது.

அந்தப் படத்தைப் பின்பு பையனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பிழையையும் அவனிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டான். இன்று அவன் வளர்ந்த இளைஞன். ஓவியனாகவில்லை, ஆகவேண்டும் என்பதும் இல்லை. படம் என் அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கும்போது அதனை எடுத்து, புதிதாக வந்த ஆசிரியர்களுக்குக் காட்டுவேன். சாம்பல் நிறம் சற்று மங்கிவிட்டது. சிவப்புத் துணி தெளிவாக இருக்கிறது. அதன் மேலே நான் எழுதிய சிவப்பு மையும் அப்படியே இருக்கிறது.

இந்த மழைகாலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு படத்தோடு வந்து நின்றால், கையிலுள்ள வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு அதனைப் பாருங்கள்.