மானியம் உழுகிறவருக்கா, உடைமைக்காரருக்கா?



வேளாண் மானியம் என்றதும் வெயிலில் உழைக்கும் உழவருக்கு அரசு செய்யும் உதவி என்றே நினைக்கிறோம். அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை, அமெரிக்காவின் ஒரு நாட்டுப்புறப் பகுதியை வைத்துப் பேச விரும்புகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் சன்ஃபிளவர் என்று ஒரு பகுதி. நம் மாவட்டம் போன்றது, அங்கே ‘கவுண்டி’ என்பார்கள். பருத்தி விளையும் பூமி. 1960களில் அங்கே பெரும்பான்மை மக்கள் கறுப்பர்கள். ஆனால் நிலமோ பெரும்பாலும் வெள்ளையரிடம் இருந்தது.

1933இல் பருத்தி விலை விழுந்து கிடந்தபோது ரூஸ்வெல்ட் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் அரசு பணம் தரும். ஒப்பந்தம் நில உடைமையாளரோடு. வாரத்துக்குப் பயிர் செய்தவருக்கும் பங்கு உண்டு என்று தாளில் எழுதியிருந்தார்கள். அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலை பண்ணையாரிடம்! பலர் கொடுக்கவில்லை. பரப்பு குறைந்தது, இனி ஆள் வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள்.

இத்திட்டங்களை ஊரளவில் நடத்தியவை உழவர்களே தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழுக்கள். கேட்க மக்களாட்சி போலத்தான் இருக்கிறது. ஆனால் தென் மாநிலங்களில் அந்தக் குழுக்கள் வெள்ளை நில உடைமையாளர் கையில் இருந்தன. யாருக்கு எவ்வளவு பரப்பு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். அதனால்தான் 1964இல் மிசிசிப்பியில் வாக்குரிமைக்குப் போராடிய இளைஞர்கள் இந்தக் குழுத் தேர்தலிலும் கறுப்பின உழவர்களை நிறுத்தினார்கள்.

சன்ஃபிளவரைச் சேர்ந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். செனட் உறுப்பினர், கறுப்பர் உரிமைச் சட்டங்களைக் கடைசிவரை எதிர்த்தவர். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பண்ணை. 1960களின் இறுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் அரசு மானியம் அந்தப் பண்ணைக்குப் போனது. இன்னொருவர் ஃபேனி லூ ஹேமர். ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். 1962இல் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காக, பதினெட்டு ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். உழைப்பு அவருடையது. ஆனால் மானியப் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை, ஏனென்றால் அவரிடம் நிலம் இல்லை. 1969இல் அவர் கூட்டுறவுப் பண்ணை தொடங்கி நிலம் வாங்கினார் என்றால், நோய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிலம் வைத்திருந்த கறுப்பருக்காவது நியாயம் கிடைத்ததா? கடனும் உதவியும் கேட்டுப் போனவர்களை அலைக்கழித்ததற்காக, 1999இல் பிக்ஃபோர்டு வழக்கின் தீர்வுப்படி அரசு நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் 1920இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின உழவர்கள் 2017 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். பல காரணங்களில் இந்தப் பாகுபாடும் ஒன்று.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். அடுத்த ஆண்டே ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில், வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் ஊராருக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று கோரினார். பண்ணையார், குத்தகைக்காரர், நிலமற்ற கூலி என்ற பிரிவே இருக்கக் கூடாது என்பதுதான் அவர் நோக்கம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஒன்றிய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாய்த் திட்டம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம், வேளாண் கூலித் தொழிலாளர் சுமார் 96 லட்சம். நாற்று நடும் அந்தக் கைகளுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. சேரியில் யாரிடம் பட்டா இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைப்பவருக்கும் பங்கு கொடு என்கிறேன். அதைவிட முதலில், பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு என்கிறேன். சலுகையைக் கேட்டுக்கொண்டே நிலத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.