கள ஆய்வேட்டின் பாயிரம்



பள்ளியில் புவியியல் பயிலும் மாணவர் கள ஆய்வுக்குச் சென்று மீண்டு ஏடு எழுதுகின்றனர். அளவுகள் உண்டு, நிலப்படத்துக்கு வண்ணமும் தீட்டப்பட்டிருக்கும். முன்னுரை மட்டும் கடலை இயற்கையின் கொடை எனப் போற்றத் தொடங்கி, உலகின் எந்தக் கடற்கரைக்கும் பொருந்துவதாய் முடிந்துவிடுகிறது. கவிதைத் தொகுதிகளின் அணிந்துரைகளும் இந்நோய்க்கு விலக்கல்ல என்பதை இவ்வவை அறியும்.

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு இலக்கணம் வகுத்து, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துரைப்பார் உளர் என்கிறது. எல்லை என்பது அங்கே நூல் வழங்கும் நிலம். மாணவனுக்கோ அவன் கால் பதித்த நிலம். பொருள் சற்றே மாறினும் சட்டகம் பயன்படுவதே.

சென்னைக் கரையை எடுத்துக்கொள்ளலாம். 1870களின் நடுப்பகுதியில் அங்கே துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் எழுந்தன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையோர மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பினும், ஆண்டுக் கணக்கில் விஞ்சி நிற்பது வடதிசை நகர்வே. சுவர் அதனை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலாய கரைகள் தமக்குரிய மணலை இழந்து அரிப்புண்டன. மீனவர் குடியிருப்புகள் கடலுக்கு இரையாயின. பின்னர்ப் பாறைகள் அடுக்கப்பட்டன.

இக்கரைக்குச் செல்லும் மாணவன் முன்னுரையில் "கடலின் சீற்றம்" என்று எழுதினால், அழகான அத்தொடர் ஒரு பொய்யைச் சுமக்கிறது. அலை என்றும் செய்ததையே செய்தது. இடையில் சுவர் வைத்தவன் மனிதன். காரணத்தை மறைக்கும் முன்னுரை வீடிழந்தவனுக்கு இழைக்கும் அநீதி.

ஆகவே முதல் வாக்கியம் வினாவாதல் நன்று: துறைமுகத்தின் தெற்கில் மணற்பரப்பு அகன்றும் வடக்கில் குறுகியும் இருப்பது ஏன்? அடுத்து, அளந்த இடங்கள். அளந்த மாதமும் நாழிகையும். ஓதம் ஏறி இறங்குவது சென்னையில் ஏறத்தாழ ஒரு மீட்டரே எனினும், சரிவு குறைந்த கரையில் அதுவே பல அடி அகலத்தை விழுங்கிவிடும். பின்பு மாணவனின் கருதுகோள், ஐயத்துக்கு இடமின்றி, ஒரே வாக்கியத்தில். பாறை அடுக்கிய கரையில் அளப்பதற்கு மணலே இராது என்பதையும், ஒரு நாள் அளவு நூற்றாண்டுக் கதையைச் சொல்லாது, பழைய நிலப்படம் துணை வேண்டும் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்ளலாம். மதிப்பெண் குறையும் என்று அஞ்சிப் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். ஏட்டைப் படிப்பவர் முதலில் தேடுவது இதைத்தான்.

வினாவும் கருதுகோளும் புறப்படுமுன்னரே எழுதப்பட வேண்டும். கண்டபின் எழுதும் கருதுகோள், விடையைப் பார்த்து விடுத்த விடுகதை. இடமும் காலமும் திரும்பி வந்தபின் சேரும். முடிவுகளுக்கோ இறுதி இயல் வரை காத்திருக்க இடமுண்டு.