வீட்டுத் தோட்டமும் ஒன்பது அவரை விதையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. வீட்டுத் தோட்டம் பத்திப் பத்து நிமிஷம் பேசணும்னு நம்ம ஊக்குநர் அக்கா சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். செஞ்சு பார்த்ததை மட்டும் சொல்றேன், தப்பா செஞ்சதையும் சேர்த்து.

நம்ம பக்கம் காய்கறி விளையுற பூமி. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நம்ம ஊர்லருந்து எத்தனை வண்டி போகுது, அங்கேருந்து கேரளாவுக்கு எத்தனை லாரி போகுதுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா சாயங்காலம் குழம்புக்கு நாம கடையில போய்க் கால் கிலோ கேட்டு நிக்கிறோம். எங்க வீட்டில் வாரத்துக்கு 250 ரூபாய் காய்க்கே போயிடும். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்துதான் வீட்டுக்குப் பின்னால தோட்டம் போட்டேன். இடம் பெரிசில்லை. குளிக்கிற கல்லுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ரெண்டு சென்ட் இருக்கும்.

தண்ணிக்கு என்ன பண்றதுன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. குளிக்கிற தண்ணியை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் விட்டேன். கீரைக்கு மட்டும் சோப்புத் தண்ணி விடாதீங்க, அது இலையோட சாப்பிடுறது. அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி கீரைக்குப் போதும்.

சிறுகீரை விதை பொடி விதை. அப்படியே தூவினா ஒரே இடத்தில் கொட்டிடும், மணலோட கலந்து தூவுங்க. எறும்பு இழுத்துட்டுப் போகுதுன்னா கொஞ்சம் அரிசி நொய்யைக் கலந்து விடணும். எறும்பு நொய்யைத் தூக்கிட்டுப் போயிடும், விதை தப்பிச்சுக்கும். இருபத்தஞ்சு நாள்ல பிடுங்கலாம். அரைக்கீரைன்னா பிடுங்காம கிள்ளிக்கிட்டே இருக்கலாம். கொத்தமல்லியை முழுசாப் போடாதீங்க. ஒரு மல்லிக்குள்ள ரெண்டு விதை இருக்கு, தரையில் போட்டுச் செருப்பால தேச்சு ரெண்டா உடைச்சுப் போடணும். புதினாவும் பொன்னாங்கண்ணியும் விலைக்கே வாங்க வேண்டாம். இலையை ஆஞ்சுட்டுத் தண்டை ஈரத்தில் ஊனினாப் போதும். முருங்கையில மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பகல்ல அடிமரத்தில் கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்பவே பந்தம் கொளுத்திக் காட்டிடணும். ராத்திரி மேல ஏறிட்டா இலை மிஞ்சாது.

இதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வந்தது அவரை விஷயம்.

எங்க மாமியார் கல்யாணமாகி வரும்போது அவங்க அம்மா வீட்டிலிருந்து ஒரு அவரை விதை கொண்டாந்தாங்க. பட்டையான காய், ஓரத்தில் செவப்புக் கோடு ஓடும். கொட்டகைப் பந்தல்ல ஏத்திவிடுவாங்க. எங்க வீட்டுப் பொங்கல் குழம்புல அந்த அவரைதான் விழும். அவங்களுக்கு முழங்கால் வலி வந்த பிறகு ரெண்டு வருஷம் போடலை. இருந்த விதையிலும் வண்டு விழுந்திருச்சு. நான் தோட்டம் போடுறேன்னதும் சட்டியிலிருந்து நல்லதாப் பொறுக்கி ஒன்பது விதை கொடுத்தாங்க. ஒன்பதையும் ஆடியில் ஊனினேன்.

கொடி பந்தலையே மூடிருச்சு. ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு, ஐப்பசியும் போச்சு. இலைதான் இருக்கு, ஒரு பூ இல்லை. போதாக்குறைக்கு நுனியெல்லாம் கறுப்பாப் பேன் வேற பிடிச்சிருச்சு. அப்போ என் கையில் பயிற்சியில கொடுத்த ஒட்டுப் புடலை விதைப் பாக்கெட் இருந்தது. சீக்கிரம் காய்க்கும்னு சொல்லியிருந்தாங்க. கார்த்திகை பிறந்ததும் அவரையை வேரோட பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டுப் புடலையை ஊனிட்டேன். மாமியார் அப்போ நாத்தனார் பிரசவத்துக்குப் போயிருந்தாங்க.

வந்து பின்பக்கம் போய் நின்னாங்க. "விதை எடுத்து வச்சியாம்மா?"ன்னு கேட்டாங்க. "ஒன்பதையும் ஊனிட்டேன் அத்தை, பூக்கவே இல்லை"ன்னேன். அவங்க ஒன்னும் சொல்லலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. அந்தப் பொங்கலுக்குக் கடையில் அவரைக்காய் வாங்கித்தான் குழம்பு வச்சேன். சாப்பிட்டாங்க. அவரைத் துண்டை மட்டும் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வச்சிருந்தாங்க. புடலையும் பனியில் வளராம மூணு காயோட நின்னுபோச்சு.

பிறகுதான் தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்தவர் விளக்கிச் சொன்னார். பழைய கொடி அவரை பகல் பொழுது குறைஞ்சு பனி இறங்கினால்தான் பூக்கும். அதுவரைக்கும் தண்ணி விடு, உரம் போடு, இலைதான் வரும். மார்கழி, தைதான் அதோட காலம். கடையில் வருஷம் பூரா கிடைக்கிறதே, அது குத்துச்செடி, எந்தப் பட்டத்திலும் காய்க்கும். எங்க மாமியாருக்கு இது தெரியும். நான் கேக்கலை, அவ்வளவுதான். இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா வீட்டு விதை வீட்டில் இருந்திருக்கும்.

மாசி மாசம் குழுக் கூட்டத்தில் சந்தாவெல்லாம் வசூலிச்சு முடிஞ்சதும் இதைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்திருச்சு, எதுக்குன்னு தெரியலை. எங்க குழுவில் பெரியம்மா ஒருத்தங்க, "உன் மாமியார்கிட்ட நானே முன்னாடி வாங்கியிருக்கேன், என் மகளுக்கும் கொடுத்துவிட்டேன், கேட்டுப் பாக்குறேன்"னாங்க. ஒரு மாசம் கழிச்சு மகள் வீட்டிலிருந்து ஏழு விதையைத் துணியில் முடிஞ்சு கொண்டாந்தாங்க. மாமியார் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "நம்மளது மாதிரிதான் இருக்கு. காய்ச்சாத்தான் சொல்லுவேன்"னாங்க.

ஆடியில் ஊனினோம். இந்தத் தடவை நான் பந்தலைக் கையால தொடலை, அவங்கதான் பார்த்தாங்க. பேன் வந்தப்போ காலையில் பனி ஈரம் இருக்கும்போதே சாம்பலைத் தூவினாங்க. அதுக்கும் அடங்காத இடத்துக்கு நான் ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கரைச்சுத் தெளிச்சேன். மார்கழி பிறக்கவும் ஊதாப் பூ நிமிர்ந்து வந்தது. முதல் காயைப் பறிச்சுப் பார்த்துட்டு, "அந்தச் செவப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு"ன்னாங்க. மகள் வீட்டு ஊரில் வேற அவரை பக்கத்தில் இருந்து கலந்திருச்சோ என்னவோ. இன்னைக்கு வரைக்கும் அதுதான் இதுன்னு அவங்க வாயால சொல்லலை. ஆனா பொங்கல் குழம்பில் ஒதுக்கி வைக்கலை.

விதைக்கு எப்படி விடணும்னு அவங்க எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லிடுறேன். முதல் பறிப்புக் காயும் வேண்டாம், கடைசியில் வர்ற சோடைக் காயும் வேண்டாம். நடுவில் வர்றதில் திடமான காயாப் பார்த்து ஒரு நூல் கட்டி விட்டுடணும், மறந்து பறிச்சிடாம இருக்க. கொடியிலேயே காயணும். உரிச்சு ரெண்டு மூணு வெயில் காட்டி, சலிச்ச அடுப்புச் சாம்பலில் புரட்டி மண்சட்டியில் போட்டு வாயைத் துணியால கட்டணும். பூசணி, சுரை விதைன்னா சாணியில் பதிச்சுச் சுவத்தில் தட்டி வைப்பாங்க. ஒட்டு விதைப் பாக்கெட்டில் இந்த வேலை நடக்காது. நான் அந்தத் தக்காளியில் விதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், செடிக்கு ஒரு மாதிரிக் காய்ச்சது.

இது மூணாவது வெள்ளாமை. இந்த மாசி வரைக்கும் எடுத்த விதையைப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கேன், வாசல் பக்கம் மேசையில் இருக்கு. குழுவுக்கு ஒரு பொட்டலம், அஞ்சு விதை. எல்லாத்தையும் ஒரே வீட்டில் ஊனாதீங்க, ரெண்டு மூணு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுங்க. ஆடி வரைக்கும் சட்டியில் இருக்கட்டும். சும்மா கொடுக்கலை, உள்கடன்தான். அடுத்த மாசிக்குப் பத்து விதையாத் திருப்பிக் கொடுக்கணும். வாங்குறவங்க போகும்போது பேரும் குழுப் பேரும் சொல்லிட்டுப் போங்க, நான் நோட்டுப் போட்டு எழுதிக்கிறேன். ஐப்பசியில் பூ வரலைன்னு யாரும் பிடுங்கிப் போட்டுடாதீங்க.